விருந்தினர் அறையும் வண்ணச் சுவரும்

அயலூரில் ஓர் இரவு தங்க நேர்ந்தவருக்கு முதலில் கண்ணில் படுவது அறையின் சுவர். பெட்டியைக் கீழே வைத்து, கைகால் கழுவிக் கட்டிலில் சாய்ந்த பின், உறக்கம் வரும் வரையில் அவர் பார்த்துக்கொண்டிருப்பதும் அந்தச் சுவரையே. சென்னையிலிருந்து டில்லிக்கோ, மதுரையிலிருந்து பம்பாய்க்கோ உத்தியோகத்தின் பொருட்டுக் குடிபெயர்ந்த நம்மவருள், முதல் சில நாட்களை ஏதேனும் ஒரு விடுதி அறையின் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி கழிக்காதவர் மிகச் சிலரே. அந்தச் சுவர் நம்முடன் பேசுவதில்லை. நாம் எந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்பதைக்கூட அது நமக்குச் சொல்வதில்லை.

சுவரைப் பேசவைக்க வேண்டும் என்று எண்ணிய விடுதிக்காரர்களும் உலகில் உண்டு. 2005ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் ‘ஹோட்டல் ஃபாக்ஸ்’ என்ற விடுதி திறக்கப்பெற்றது. ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் கம்பெனியார் தாம் புதிதாகச் செய்த மோட்டார் வண்டி ஒன்றை அறிமுகப்படுத்தும் முகமாக இந்த ஏற்பாட்டைச் செய்தனர். விடுதியின் 61 அறைகளும், பல நாடுகளைச் சேர்ந்த 21 கலைஞர்களிடமும் கலைக் குழுவினரிடமும் ஒப்படைக்கப்பட்டன. சுவர், கூரை, கட்டில், திரை எல்லாவற்றிலும் அவரவர் மனம்போல் தீட்டினர். ஓர் அறையில் கேலிச்சித்திர உருவங்கள். மற்றோர் அறையில் கற்பனை விலங்குகள். இன்னும் ஓர் அறையில் வெறும் கோடுகளும் வட்டங்களும். ஓர் அறையைப் போல மற்றோர் அறை இல்லை. விருந்தினர் ஓவியத்தைப் பார்க்கவில்லை. ஓவியத்துக்கு உள்ளேயே படுத்து உறங்கினர் எனலாம். இத்தகைய விடுதிகள் இன்று பல நாடுகளில் உள்ளன.

இது இக்காலத்தவர் கண்டுபிடித்த புதுமையா? நம் நாட்டின் கலை வரலாற்றைப் புரட்டினால், அவ்வாறு சொல்ல மனம் வராது. வந்தவர் தங்கும் இடத்தைத் தம் காலத்துக் கலைஞர் கையால் தீட்டுவிக்கும் வழக்கம் இங்கே மிகப் பழைமையானது. அவ்வரலாற்றில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. துணியிலோ தாளிலோ தீட்டிய படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊர் மாறலாம். சுவரில் தீட்டிய சித்திரம் ஊர் மாற அறியாது. அது சுவரோடு வாழும், சுவரோடு மடியும். ஆகவே அதன் ஆயுள், அதனைத் தீட்டியவன் திறமையைக் காட்டிலும், அந்த வீட்டில் குடியிருப்பவர் மனத்தையே பொறுத்து நிற்கிறது. இதனைச் சில இடங்களைக் கொண்டு விளக்க முயல்வோம்.

முதலில் பீகாரின் வடபகுதியாகிய மிதிலைக்குச் செல்வோம். அங்கே திருமணம் ஆனதும் மணமகன் சில நாட்கள் மணமகளின் வீட்டிலேயே தங்குவது மரபு. புதிய வீட்டுக்கு வந்த அந்த விருந்தாளிக்கென ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பார்கள். அதற்குக் ‘கோஹ்பர் கர்’ என்று பெயர். அதன் சுவர்களை அந்த வீட்டுப் பெண்களும் அண்டை வீட்டுப் பெண்களும் கூடித் தீட்டுவர். தாமரையும் மூங்கிற் குத்தும் நடுவில் அமையும். மீன், ஆமை, கிளி ஆகியவை சுற்றிலும் நிறையும். சூரிய சந்திரர்களும், சிவனும் பார்வதியும் சாட்சியாக நிற்பர். நம் வீட்டு வாசலில் கோலமிடும் கைக்கு எவ்வாறு பள்ளிக்கூடம் இல்லையோ, அவ்வாறே அந்தக் கைகளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. தாயிடமும் பாட்டியிடமும் கண்டு பழகியதே அவர்கள் கல்வி.

வீட்டுக்குள் இருந்த இந்தச் சித்திரங்களை வெளியுலகம் கண்டது ஒரு பெருந்துன்பத்தினால். 1934ஆம் ஆண்டின் பீகார் பூகம்பத்தில் மதுபனிப் பகுதியின் வீடுகள் பிளந்து விழுந்தன. சேதத்தைப் பார்வையிடச் சென்ற வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி, இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் இந்த ஓவியங்களைக் கண்டு வியந்தார். பின்னர், 1949இல், அவற்றைப்பற்றிக் கட்டுரை எழுதினார். 1960களின் பிற்பகுதியில் பீகாரில் கடும் பஞ்சம் நேர்ந்தபோது, வருவாய்க்கு வழி செய்யும் பொருட்டு அகில இந்தியக் கைவினை வாரியத்தார் அந்தப் பெண்களுக்குத் தாள் கொடுத்து, சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதச் செய்தனர். அவ்வாறு வெளிப்பட்டவர்களுள் ஒருவர் கங்கா தேவி. 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், நோயுற்றிருந்த நிலையிலும், டில்லியிலுள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதும் கோஹ்பர் சித்திரத்தைத் தீட்டினார். 1991இல் அவர் காலமானார்.

அந்த அறை இன்று இல்லை. 2015ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தில் புதுப்பிப்பு வேலை நடந்தபோது அது அழிக்கப்பட்டது. கலை அன்பர்கள் வருந்தினர், பத்திரிகைகள் எழுதின, ஆயினும் போன சுவர் போனதுதான். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மிதிலையின் கிராமத்து வீடுகளிலும் கோஹ்பர் சித்திரங்கள் நிலைப்பதில்லை. மழையும் ஈரமும் மண்சுவரை அரித்துவிடும். அடுத்த திருமணத்துக்குச் சுவரை மெழுகிப் புதிதாக எழுதுவர். அங்கே ஓவியம் அழிந்தாலும் அதனை எழுதும் கை அழிவதில்லை. டில்லியிலோ அந்தக் கை மறைந்துவிட்டது; அதன் சுவடு மட்டுமே எஞ்சியிருந்தது. சுவடும் போன பின் மிஞ்சியது நினைவு மாத்திரமே.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றை அஜந்தாக் குகைகள் சொல்கின்றன. அஜந்தாவைக் கோயில் என்றே பலர் எண்ணுகின்றனர். அங்குள்ள முப்பது குகைகளுள் பெரும்பாலானவை விகாரங்கள், அதாவது பிக்ஷுக்கள் தங்கும் விடுதிகள். நடுவில் ஒரு மண்டபம். மூன்று பக்கமும் சிறு சிறு அறைகள். அறைக்குள் படுப்பதற்குக் கல்லாலான மேடை. ஊர் ஊராகச் செல்லும் துறவியர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது பௌத்த விதி. அவ்வாறு தங்க வந்தவர் எதிரில் நின்ற மண்டபச் சுவர்களில்தான் ஜாதகக் கதைகள் தீட்டப்பட்டன. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தில், இவற்றுள் சிறந்தவை தோன்றின. பதினாறாம் குகையை அவன் அமைச்சன் வராகதேவன் செய்வித்தான் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. செய்வித்தவன் பெயர் இருக்கிறது. தீட்டியவர் பெயர்கள் இல்லை. ஆயினும் ஒரே குகையில் பல கைகள் வேலை செய்திருப்பதைக் கோட்டின் நடையும் வண்ணத்தின் பூச்சும் காட்டிக்கொடுக்கின்றன.

பிக்ஷுக்கள் நீங்கிய பின் அந்தப் பள்ளத்தாக்கைக் காடு மூடியது. 1819இல் வேட்டைக்கு வந்த ஆங்கிலச் சிப்பாய்கள் அதனை மீண்டும் கண்டனர். சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்த ராபர்ட் கில் என்னும் அதிகாரி 1844 முதல் பல ஆண்டுகள் அங்கேயே தங்கி, அந்த ஓவியங்களைத் துணியில் படியெடுத்தார். அவர் எழுதிய படிகள் லண்டனுக்குச் சென்றன. அங்குள்ள பளிங்கு மாளிகையில் வைக்கப்பட்டன. 1866இல் அம்மாளிகையில் பற்றிய தீயில் அநேகமாக எல்லாம் எரிந்து சாம்பலாயின. பின்னர் பம்பாய்க் கலைப்பள்ளியைச் சேர்ந்த ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களுடன் 1872 முதல் மீண்டும் படியெடுத்தார். அவற்றிலும் பல 1885இல் லண்டனில் தீக்கிரையாயின. ஊர்விட்டு ஊர் சென்ற நகல்கள் அழிந்தன. இருந்த இடத்திலேயே இருந்த சுவர் பிழைத்தது. அஜந்தாவைக் காத்தது மறதி என்றே சொல்ல வேண்டும். எவரும் குடியிருக்கவில்லை, ஆகையால் எவரும் வெள்ளையடிக்கவும் இல்லை.

ஆனால் எல்லாச் சுவர்களையும் காடு வந்து காக்காது. வெயிலும் காற்றும் படும் ஊர்நடுவில் நிற்கும் சுவருக்கு மறதியே யமன். இதனை அறிய ராஜஸ்தானத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள ஷேகாவாடிக்குச் செல்ல வேண்டும். வெளியூரில் பிழைக்கும் நம்மவர்க்கு இந்த நாட்டின் கதை மற்றவர்க்கு விளங்குவதைவிட நன்றாக விளங்கும். ஏனெனில் இது வெளியூரில் பிழைத்தவர்களின் கதை.

ஷேகாவாடி என்பது ஜுன்ஜுனு, சீகர் ஆகிய ஜில்லாக்களும் சூரு ஜில்லாவின் ஒரு பகுதியும் சேர்ந்த பாலைநிலம். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ராவ் ஷேகா என்ற தலைவனின் பெயரால் வழங்குவது. குஜராத்தின் துறைமுகங்களுக்கும் வட இந்திய நகரங்களுக்கும் இடையே ஒட்டகச் சாரைகள் சென்ற வழி இதனூடே அமைந்தது. சுங்கம் குறைவாக இருந்ததால் வணிகர்கள் இங்கே குடியேறிச் செழித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றியது. வாணிகம் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் திரும்பியது. பின்னர் ரயில் பாதையும் வந்தது. ஒட்டக வழி வறண்டது. வணிகர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கல்கத்தா சென்றனர். மார்வாரிகள் என்று கிழக்கே பெயர் பெற்றவர்களுள் பெரும்பாலோர் இந்தச் சிறு ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள். பிலானியில் பிறந்த கனசியாம் தாஸ் பிர்லா அவர்களுள் யாவரும் அறிந்தவர். போத்தார், கோயங்கா முதலிய குடும்பங்களுக்கும் இதுவே பூர்விகம்.

கல்கத்தாவில் அவர்கள் இருந்தது நெருக்கமான சந்துகளில். உண்டது எளிய உணவு. ஈட்டிய பொருளை ஊருக்கு அனுப்பினர். அப்பொருள் ஊரில் ஹவேலி என்னும் மாளிகையாக எழுந்தது. கிணறாகவும், தர்மசாலையாகவும், கோயிலாகவும் எழுந்தது. ஏறத்தாழ 1830 முதல் 1930 வரை நூறாண்டுக் காலம் இந்தக் கட்டட வேலை நடந்தது. ஹவேலியில் இரண்டு முற்றங்கள். வெளி முற்றம் ஆடவர்க்கு. உள் முற்றம் பெண்டிர்க்கு. வெளி முற்றத்தை ஒட்டியது ‘பைட்டக்’ என்னும் வரவேற்பு அறை. வந்த விருந்தினரும் வியாபாரிகளும் வெள்ளை விரிப்பில் திண்டில் சாய்ந்து அமர்வது அங்கேதான். தெருச்சுவரிலும், முற்றங்களிலும், அந்த வரவேற்பு அறையிலும், விரற்கடை இடமும் விடாமல் சித்திரங்கள். வீட்டுக்காரர் அயலூரில் இருந்தாலும், அவர் செல்வாக்கை வழிப்போக்கருக்கு அந்தச் சுவர் எடுத்துரைத்தது.

இவற்றைத் தீட்டியவர்கள் ‘சேஜாரா’ என்னும் தொழிலாளர். கொத்து வேலையும் சித்திர வேலையும் ஒருங்கே அறிந்தவர்கள். பெரும்பாலும் குயவர் குலத்தினர். சுவர் கட்டிய கையே சுவரில் எழுதவும் செய்தது. அவர்கள் தொழில்முறையைச் சற்றே விளக்க வேண்டும். முதலில் சுண்ணாம்புச் சாந்தைப் பல படலங்களாகப் பூசுவர். மேலே வரவரச் சாந்து நைசாகும். கடைசிப் பூச்சு வெண்ணெய் போல இருக்கும். அது ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை நீரில் குழைத்துத் தீட்டிவிட வேண்டும். ஆகவே ஒரு நாளில் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே சாந்து பூசுவர். தீட்டிய பின் சிறு கரண்டியால் மெல்லத் தட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து, தேங்காயால் மெருகேற்றுவர். ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உண்டு மறுபடியும் கல்லாக இறுகும்போது, வண்ணத்தையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிறகு வண்ணம் சுவரின்மேல் இருப்பதில்லை, சுவராகவே ஆகிவிடுகிறது. பாலைவனத்து வெயிலில் நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் அவை நின்றதன் இரகசியம் இதுவே.

வண்ணங்களும் ஆரம்பத்தில் மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் கிடைத்தவை: காவிக்கல்லின் செம்மை, விளக்குக் கரியின் கருமை, சுண்ணாம்பின் வெண்மை, அவுரியின் நீலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து ரசாயன வண்ணங்கள் கப்பலேறி வந்தன. பளிச்சென்ற நீலமும் சிவப்பும் மலிவாகக் கிடைத்தன. காலப்போக்கில் ஈரச் சாந்தின் சிரமத்தை விட்டு, உலர்ந்த சுவரில் தீட்டும் எளிய வழிக்குப் பலர் மாறினர். வேலை விரைவாயிற்று, உருவங்கள் நுணுக்கமாயின, ஆனால் ஆயுள் குறைந்தது. பழைய சித்திரம் மங்காமலிருக்க, அதன் பின் எழுதியது உரிந்து விழுவதை ஒரே வீட்டில் காணலாம்.

என்ன எழுதினார்கள்? தொடக்கத்தில் கண்ணன் லீலை, இராமகாதை, டோலா-மாரு என்னும் நாட்டார் காதற்கதை, யானை, ஒட்டகம். பிறகு கல்கத்தாவிலிருந்து திரும்பிய எஜமானர்கள் கண்டதையும், அச்சுப் படங்களையும் கொண்டுவந்து காட்டினர். சேஜாராவின் சுவரில் ரயில் வண்டி ஓடத் தொடங்கியது. ரயிலை நேரில் காணாதவர் கேள்வியறிவைக் கொண்டு எழுதியமையால், சில ரயில்கள் வீடுகளைக் கோத்த மாலை போலத் தோன்றும். இங்கிலாந்து ராஜா ராணி, மோட்டார் வண்டி, கிராமபோன், ஆகாய விமானம் எல்லாம் வந்து சேர்ந்தன. மண்டாவா ஊரிலுள்ள பன்சிதர் நேவாட்டியா ஹவேலியில், ரைட் சகோதரர்களின் விமானமும், டெலிபோனில் பேசும் சிறுவனும் தீட்டப்பட்டிருக்கக் காண்கிறோம். தெய்வங்களையே மோட்டாரில் அமர்த்திய சித்திரங்களும் இந்நாட்டில் உண்டு. இவற்றை எழுதியவர்கள் தம் காலத்தைத் தம் கண்ணால் பார்த்த சமகாலக் கலைஞர்கள் என்பதில் ஐயமில்லை. புராணமும் பத்திரிகையும் ஒரே சுவரில் பக்கம் பக்கமாக நிற்பதை அவர்கள் முரண்பாடாகக் கருதவில்லை.

1930களுக்குப் பிறகு புதிய ஹவேலிகள் எழவில்லை. குடும்பங்களும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்றுவிட்டன. ஊரில் மிஞ்சியவர் காவற்காரர் ஒருவரே. திருமணத்துக்கோ, குழந்தைக்கு முடியிறக்கவோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தார் வருவர், பிறகு பூட்டு. பாட்டன் கட்டிய வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் நாற்பது பேர் பாத்தியர். பழுது பார்க்க ஒருவரும் பணம் போடார். விற்கவும் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். இதற்கிடையில் கூரை ஒழுகும், சாந்து பெயரும், வேலைப்பாடுள்ள கதவுகளைப் பழம்பொருள் வியாபாரிகள் கொண்டுபோவர், தெருச்சுவரில் விளம்பரங்கள் ஒட்டப்படும். அஜந்தாவைக் காத்த மறதி, ஷேகாவாடியை அழித்தது.

இந்நிலையில்தான் விடுதி வந்து சேர்ந்தது. மண்டாவாக் கோட்டை போன்ற தாகூர்களின் கோட்டைகள் முதலில் விருந்தினர் விடுதிகளாயின. பிறகு ஹவேலிகளும் அவ்வழியிற் சென்றன. பகர் என்ற ஊரில் பிராமல் குடும்பத்தார் கட்டிய ஹவேலி இன்று யாத்திரிகர் தங்கும் விடுதி. பதேபூரில் 1802இல் கட்டப்பட்ட ஹவேலி ஒன்றை, நதீன் லே பிரின்ஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1998இல் வாங்கி, உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டு சிறுகச் சிறுகப் பழுது பார்த்தார். நவல்கட்டில் 1902இல் எழுந்த போத்தார் ஹவேலி அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஒரு காலத்தில் வணிகர் திண்டில் சாய்ந்து விருந்தினரை வரவேற்ற அறையில், இன்று எங்கிருந்தோ வந்த யாத்திரிகர் படுத்துறங்குகிறார். அவர் தரும் வாடகையிலிருந்து கூரை வேயப்படுகிறது. காவற்காரருக்குச் சம்பளம் கிடைக்கிறது. சுண்ணாம்பு வேலை மறந்துபோன இளைஞர் சிலர் அதனை மீண்டும் கற்கின்றனர்.

இதிலும் அபாயம் இல்லாமலில்லை. சுவர் மங்கியிருந்தால் வாடிக்கைக்காரர் வரமாட்டார் என்று அஞ்சி, பழைய சித்திரத்தின்மேல் இக்காலத்துப் பளபளப்பான பெயிண்டைத் தடவிவிடும் விடுதிகள் உண்டு. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட வேண்டிய சுவர். பிளாஸ்டிக் கலந்த வண்ணம் அதன் வாயை அடைக்கிறது. உள்ளே தங்கிய ஈரம் சாந்தையே உரித்துத் தள்ளுகிறது. மங்கிய ஓவியத்தைத் துடைத்துக் காப்பது வேறு. அதன்மேல் வேறோர் ஓவியத்தை எழுதுவது வேறு. இந்த வேற்றுமையை அறிந்த வீட்டுக்காரர் கையில்தான் ஷேகாவாடியின் எதிர்காலம் இருக்கிறது.

நம் செட்டிநாட்டை இங்கே நினையாமலிருக்க முடியாது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பொருளீட்டிய நகரத்தார், காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் எழுப்பிய மாளிகைகளுக்கும் இதே வரலாறு உண்டு. அங்கும் அயலூர்ப் பணம், பூட்டிய வீடு, பங்காளிகள் பலர். அங்கும் கடந்த சில பத்தாண்டுகளில் சில மாளிகைகள் விடுதிகளாகி மறுவாழ்வு பெற்றிருக்கின்றன. பாலைவனத்து மார்வாரியும் வறண்ட பூமியின் நகரத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததன்று இது. பிறந்த மண்ணை விட்டு வெளியேறிய மனிதன், தான் இல்லாத ஊரில் தன் சுவர் நிற்க வேண்டும் என்று விரும்புவது எங்கும் ஒன்றே.

பழைய வீடு விடுதியானதைக் கண்டோம். புதிதாகக் கட்டிய விடுதியே கலைஞரை அழைத்ததற்கும் டில்லியில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் தோன்றிய மௌரியா ஹோட்டல், தன் பெயருக்கேற்பப் பௌத்த காலக் கட்டடக் கலையை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் முன்கூடத்தின் கூரை சைத்தியங்களின் வளைவை நினைவூட்டுவது. அந்த வளைவில் ஓவியம் எழுதும் பணி கிருஷண் கன்னாவிடம் அளிக்கப்பட்டது. ‘மாபெரும் ஊர்வலம்’ என்று பெயர்கொண்ட அவ்வோவியத்தை அவர் சில ஆண்டுகள் உழைத்து 1980களில் முடித்தார். அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு அரசர் கூட்டம் மட்டும் தெரிவதில்லை. இந்நாட்டின் அன்றாட வாழ்வு மாந்தரும் ஊர்வலமாக வருகின்றனர். அதே விடுதியின் தோட்டத்தில், கலிங்கப் போருக்குப் பின் நிற்கும் அசோகனின் உலோகச் சிலை இருக்கிறது. அதனை வார்த்தவர் மீரா முகர்ஜி. பஸ்தர் பழங்குடியினரிடம் உலோக வார்ப்பு முறையைச் சென்று கற்றவர்.

கிருஷண் கன்னாவின் வாழ்வும் குடிபெயர்ந்தவரின் வாழ்வே. 1925இல், இன்று பாகிஸ்தானிலுள்ள லயால்பூரில் பிறந்தார், லாகூரில் வளர்ந்தார், 1947இல் தேசம் பிரிந்தபோது குடும்பத்தோடு சிம்லா வந்து சேர்ந்தார். பம்பாயில் கிரிண்ட்லேஸ் பாங்கில் வேலைக்கு அமர்ந்தார். 1950களில் அந்த வேலை அவரைச் சென்னைக்கு அனுப்பியது. நமக்கு வடக்கே எப்படியோ, அவருக்குச் சென்னை அப்படி: புதிய பாஷை, புதிய உணவு, புதிய வெயில். அங்கே அவரைக் கவர்ந்தது கர்நாடக சங்கீதம். கச்சேரிகளைக் கேட்டு, இசைவாணர்களைச் சித்திரமாக எழுதினார். 1961இல் பாங்கு வேலையை உதறி, முழுநேர ஓவியரானார். பஞ்சாபிலிருந்து பெயர்ந்து, சென்னையில் சில காலம் வாழ்ந்து, டில்லியில் வேரூன்றிய ஒருவர், ஊர் ஊராகச் செல்வோர் வந்து இறங்கும் விடுதியின் கூரையில் ஊர்வலம் ஒன்றை எழுதியது பொருத்தமே அல்லவா?

இனி, நாம் தொடங்கிய கோபன்ஹேகனுக்குத் திரும்புவோம். அந்த 61 வண்ண அறைகள் என்னவாயின? பத்தாண்டுகள் நிறைவதற்கு முன்பே அந்த விடுதி தன் பெயரை இழந்தது. 2014இல் அதே கட்டடத்தில் வேறொரு பெயருடன், அமைதியான நிறங்கள் கொண்ட வேறொரு விடுதி திறக்கப்பட்டது. 21 கலைஞர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்து தீட்டியவை மறைந்தன. மோட்டார் வண்டியின் விளம்பரத்துக்காகத் தோன்றிய சுவர், விளம்பரத்தின் ஆயுளைப் பெற்றது. அதில் வியப்படைவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அந்தக் கலைஞர்களின் உழைப்பை எண்ணும்போது மனம் சற்று வருந்தத்தான் செய்கிறது.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? மிதிலையின் சித்திரம் எழுதும் கை மாறாததால் வாழ்கிறது. அஜந்தாவின் சித்திரம் மனிதர் மறந்ததால் பிழைத்தது. ஷேகாவாடியின் சித்திரம், மீண்டும் மனிதர் வந்து தங்குவதால் மூச்சு விடுகிறது. கோபன்ஹேகனின் சித்திரம் மோஸ்தர் மாறியதால் மறைந்தது. டில்லி அருங்காட்சியகத்தின் சித்திரமோ, அதன் அருமையை வைத்திருந்தவர் உணராததால் மறைந்தது. சுவரில் எழுதுபவன் தன் படைப்பை வீட்டுக்காரரிடம் அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அந்த அடைக்கலத்தைக் காப்பது வீட்டுக்காரரின் கடமை. அதனை அவர் காக்கிறாரா என்று கேட்பது அங்கே தங்கும் விருந்தினரின் கடமை.

நாம் பிரயாணம் செய்பவர்கள். லீவு நாட்களில் ராஜஸ்தானத்துக்கோ, காரைக்குடிக்கோ செல்கிறோம். பழைய மாளிகையில் அறை எடுத்துத் தங்குகிறோம். வாடகை என்ன, காப்பி நன்றாக இருக்குமா என்று கேட்பதோடு, இன்னும் ஒரு கேள்வியையும் கேட்டுப் பழகலாம்: ‘இந்தச் சுவரை எழுதியவர் யார்? இதை எவ்வாறு பாதுகாக்கிறீர்கள்?’ பல இடங்களில் பதில் கிடைக்காது. ஆனால் வருகிறவர் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், பதில் தேடிவைக்க வேண்டிய கட்டாயம் விடுதிக்காரருக்கு ஏற்படும். வெள்ளையடிக்க மட்டையை எடுத்தவர் ஒரு கணம் தயங்குவார். பல சுவர்களின் ஆயுள் அந்த ஒரு கணத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

அதன் பின் விளக்கை அணைப்பதற்கு முன், சுவரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். எங்கோ கல்கத்தாச் சந்தில் கணக்கெழுதிய ஒருவர், தாம் வாழ முடியாத ஊரில் தம் பொருட்டுத் தீட்டுவித்த ரயில் வண்டி ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம். அது எங்கே போகிறது என்பது, வெளியூரில் வாழும் நமக்குச் சொல்லாமலே விளங்கும்.